பொதுப் பட்டியலில் என் பெயர்

சுகந்தி அக்கா காலிங் பெல்லை அழுத்தியபோது நான் குக்கரின் கடைசி விசிலுக்காகக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்ததும் முதலில் நெய் வாசனைதான் உள்ளே வந்தது. தலையில் ஈரத் துண்டும் நெற்றியில் புதுத் திருநீறுமாக, கையில் மைசூர்பாகு டப்பாவோடு நின்றிருந்தார்.

"நம்ம அகிலுக்கு லா காலேஜ் கெடச்சிருச்சுங்க அம்மணி. சாமிக்கு வெச்சுப்போட்டு மொத டப்பா உங்க ஊட்டுக்குத்தான் எடுத்துட்டு வாரேன்."

சுகந்தி அக்கா எங்கள் பக்கத்து ஃபிளாட். அகில் அவருடைய ஒரே மகன். என் மகள் இலக்கியாவும் அவனும் ஒரே பள்ளி, ஒரே கோச்சிங் சென்டர். தேசிய அளவில் நடக்கும் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை இருவரும் ஒன்றாகத்தான் எழுதினார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இலக்கியா அவனுக்குக் கணக்குப் புதிர்களை விளக்கியதை நான் எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறேன்.

அவனுடைய ரேங்க் என் மகளின் ரேங்க்கைவிட வெகுதூரம் பின்னால் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் அவன் தாய்மாமா கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றதால், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஒன்று அவனுக்குக் கிடைத்துவிட்டது. இலக்கியா முதல் விருப்பமாகக் குறித்திருந்த அதே கல்லூரி. பெயர் வேண்டாம். வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"அவங்க மாமன் இல்லீன்னா நடந்திருக்காதுங்க" என்று சுகந்தி அக்கா வெளிப்படையாகவே சொன்னார். அதில் மறைக்க ஏதோ இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் அவர் முகம் மினுங்கியது.

இலக்கியா அறையிலிருந்து வந்தாள். வாழ்த்துச் சொன்னாள். ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். உனக்கு என்ன ஆச்சு கண்ணு என்று அவர் கேட்டதற்கு, இந்தத் தடவை இல்லை ஆண்ட்டி, அடுத்த வருஷம் பார்க்கணும் என்றாள். சுகந்தி அக்கா அவள் கன்னத்தைத் தடவி, நல்லாப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் சோதனை என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். இலக்கியா மைசூர்பாகைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நெய் அவள் விரல்களில் உருகி ஒட்டியிருந்தது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த இடத்தை அவள் இழந்ததற்குக் காரணம் ஒருவிதத்தில் நான்தான். அதைத்தான் இந்த வாரத் தொடரில் எழுத வேண்டும்.

அந்த ஃபிளாட்டில் நாங்கள்

சிங்காநல்லூர் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் அப்பார்ட்மென்ட். இலக்கியா நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது குடி வந்தோம். நான் வங்கியில் அதிகாரி. என் கணவர் முருகேசன் போத்தனூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறார்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு, நான் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள் என்பதும், என் அப்பாவும் அம்மாவும் பாக்குத் தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர்கள் என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் இத்தனை வாரங்களாக எழுதாமலே தப்பித்து வந்திருக்கிறேன். நாங்கள் அருந்ததியர். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள்.

குடிவந்த புதிதில் சுகந்தி அக்கா பேச்சுவாக்கில், நீங்க எந்தக் கூட்டமுங்க என்று கேட்டார். சாதிக்குள் எந்தக் குலம் என்று கொங்குப் பக்கம் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் சாதாரணக் கேள்வி அது. எங்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கமுங்க அக்கா என்று ஊரைச் சொல்லிச் சமாளித்தேன். சில நாள் கழித்து நான் அம்மாவோடு போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"அட, நீங்க நாயுடுங்களா?" என்றார்.

நான் சிரித்தேன். பால் பாக்கெட் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் எங்கள் மாடி முழுக்க எங்களுக்கு ஒரு சாதி கிடைத்துவிட்டது.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் வாயால் அப்படிச் சொன்னதும் இல்லை. யாராவது கேட்டால் நேராகவே சொல்லிவிடுவார் என்ற பயத்தில், குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்கு அவரை அனுப்பாமல் நானே போய்க்கொண்டிருந்தேன்.

அந்தப் பேருக்குத் தக்கபடி நடந்துகொள்ள நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், வராந்தாவில் சத்தமாகப் பேச வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்வேன். லிஃப்டில் இலக்கியா தெலுங்கில் பேச ஆரம்பித்தால் அவள் கையை லேசாக அழுத்துவேன். சின்னப் பிள்ளை, காரணம் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அழுத்தவே தேவையில்லாமல் போயிற்று. லிஃப்டுக்குள் கால் வைத்ததும் தானாகத் தமிழுக்கு மாறிவிடுவாள்.

அவளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்.

ரிசல்ட் வந்த நாள்

தேர்வு முடிவு வந்த அன்று என் கணவருக்கு வார ஓய்வு. நானும் விடுப்புப் போட்டிருந்தேன். மூன்று பேரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். திரை திறக்க நேரம் எடுத்தது. இலக்கியா நகத்தைக் கடித்தாள்.

நல்ல ரேங்க். நாடு முழுவதும் எழுதிய கூட்டத்தில் அது சாதாரண ரேங்க் அல்ல. ஆனால் பொதுப் பிரிவில் அந்தக் கல்லூரியின் வாசலுக்குச் சற்று வெளியே நின்றுவிட்ட ரேங்க். என் கணவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நம்ம பிரிவு ரேங்க் எங்கே கண்ணு போட்டிருக்கு என்று கேட்டார்.

"இல்லப்பா. நான் ஜெனரல்னு போட்டுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். விண்ணப்பம் போடும்போது எஸ்.சி. என்று குறிக்காமல், பொதுப் பிரிவு என்று தானே குறித்துவிட்டதாக அவள் சொன்னாள். ஆன்லைன் வேலைகளை எப்போதும் அவளேதான் பார்த்துக்கொள்வாள். நாங்கள் கட்டணம் கட்டியதோடு சரி. குறித்திருந்தால் அந்தப் பட்டியலின் மேல்வரிசையிலேயே அவள் பெயர் இருந்திருக்கும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஏன் என்று நான் கேட்டேன். கேட்ட தொனி கடுமையாக இருந்திருக்க வேண்டும். அவள் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

கோச்சிங் சென்டரில் ஒருநாள் ஆசிரியர் போர்டில் கோடு போட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் எந்த ரேங்க் வரை இடம் கிடைத்தது என்று எழுதினாராம். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், அந்த ரேங்க்குக்கு எங்க வீட்டு நாய்கூடப் போயிடும் என்றானாம். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு போர்டைத் துடைத்தார். இலக்கியாவின் பக்கத்தில் இருந்த அகிலும் சிரித்தான். அவனுக்கு இவள் யார் என்று தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவள் நான்.

"நீயும் சிரிச்சியா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் சிரித்ததாக ஒப்புக்கொண்டாள். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியதாம்.

அதன்பிறகுதான் என்னைப் பார்த்தாள். "நீ ஓப்பன்ல போனேன்னு சொல்லிட்டே இருப்பியேம்மா. நானும் அப்படியே போயிடலாம்னு நெனச்சேன்."

என் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளத்துப் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

ஓ.சி.

அவள் சொன்னது நான் வளர்த்த கதை. சில வாரங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் அதைப் பெருமையாக எழுதியிருந்தேன். கூலி வேலை பார்த்தவர்களின் மகள், கோவையில் ஒரு அரசுக் கல்லூரியில் பொதுப் பட்டியலிலேயே இடம் பிடித்தாள் என்ற கதை. பொய் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் என் மதிப்பெண் அப்படி. பாராட்டி எழுதிய வாசகர்களில் ஒருவர், உங்களைப் போன்றவர்களால்தான் தகுதி என்ற சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்று குறிப்பிட்டிருந்தார். அதைப் படித்து அன்று முழுக்க மிதந்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை எழுதாமல் விட்டிருந்தேன்.

கல்லூரியில் முதல் வாரம் ஒரு விரிவுரையாளர் எல்லோரையும் எழுப்பி, பெயர், ஊர், கட்ஆஃப் மதிப்பெண் சொல்லச் சொன்னார். சிலரிடம் மட்டும், என்ன பிரிவில் வந்தாய் என்று கூடுதலாகக் கேட்டார். யாரிடம் கேட்பது என்பதை எப்படி முடிவு செய்தாரோ தெரியாது. உடுப்பைப் பார்த்தா, நிறத்தைப் பார்த்தா, நாங்கள் பேசிய தமிழை வைத்தா. என்னிடம் கேட்டார்.

"ஓ.சி. சார்" என்றேன். ஓப்பன் காம்பெடிஷன். பட்டியலில் அப்படித்தான் போட்டிருந்தது.

அவர் புருவத்தை உயர்த்தி, பரவாயில்லையே என்றார். எனக்குப் பின் வரிசையில் செல்வி என்று தாராபுரம் பக்கத்துப் பெண். என்னைப் போலவே அருந்ததியர் வீட்டுப் பெண், ஆதிதிராவிடர் நல விடுதியில் என் அறைத்தோழி. அவளையும் கேட்டார். எஸ்.சி. கோட்டா சார் என்றாள். பின்னாலிருந்து ஒருவன், ரெண்டுமே ஓசிதான் சார் என்றான். ஒன்று போட்டி, இன்னொன்று இனாம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்று மத்தியானம் சாப்பிடப் போகும்போது செல்வியோடு போகாமல் வேறு பெண்களோடு போனேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. கால் அந்தப் பக்கம் போயிற்று.

அதற்கப்புறம் அந்த இரண்டு எழுத்தை ஒரு கவசம் மாதிரி போட்டுக்கொண்டேன். கல்லூரியில், வங்கியில், பிறகு வீட்டில். இலக்கியா சோம்பி உட்கார்ந்தால், நான் ஓப்பனில் வந்தவள் தெரியுமா என்பேன். பரீட்சைக்குப் பயந்தால் அதையே சொல்லித் தைரியம் சொல்வேன். யாருடைய தயவும் இல்லாமல் வந்தவள் உன் அம்மா என்று ஒருமுறை சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. தயவு என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தேன்? எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களிடமிருந்துதான்.

கிளப் ஹவுஸில் ஒரு மாலை

அந்த வருடம் எங்கள் அப்பார்ட்மென்டில் பல பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. சங்கத்தில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். கிளப் ஹவுஸில் நாற்காலி போட்டு, பலூன் கட்டி, ரவா கிச்சடியும் கேசரியும் ஏற்பாடு செய்தார்கள். இலக்கியா உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். சேர்ந்துகொண்டே மறுபடி தேர்வு எழுதுவது என்று முடிவாகியிருந்தது. அகில் தன் நண்பன் என்பதால் தானும் வருவதாகச் சொன்னாள். என் கணவருக்கு ஷிஃப்ட் இருந்தது.

சங்கச் செயலாளர் அகிலுக்குச் சால்வை போர்த்தினார். விடாமுயற்சி, கடின உழைப்பு, நம்ம பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரி என்றெல்லாம் பேசினார். அகில் மைக்கைப் பிடித்து அப்பா, அம்மா, மாமா என்று நன்றி சொல்லிவிட்டு, எனக்குப் புரியாததை எல்லாம் இலக்கியாதான் சொல்லிக் கொடுத்தாள் என்றும் சொன்னான். நல்ல பையன். எல்லோரும் திரும்பி என் மகளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவன் என்ன ரேங்க் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு வலப்பக்கத்தில் இலக்கியா. இடப்பக்கத்தில் மூன்றாவது மாடி ராமசாமி சார். பழைய பஞ்சாலை ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் என்னைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நடப்பார். என் பக்கம் சாய்ந்து, ஆறுதல் சொல்லும் குரலில் பேசினார்.

"உங்க பொண்ணு வாங்குன ரேங்க்க சுகந்தி சொன்னாங்க. அந்த கோட்டாக்காரங்க இல்லாம இருந்தா இந்நேரம் உங்க புள்ளைக்கும் ஒரு சால்வை விழுந்திருக்குமுங்க. நம்மளாட்டம் ஆளுங்களுக்குத்தான் எங்க போனாலும் கதவச் சாத்துறாங்க."

சொல்ல வேண்டியது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. சார், அந்த கோட்டாக்காரி நான்தான், இவள்தான். சார், மேடையில் நிற்கிற பையன் எந்தக் கதவு வழியாகப் போனான்? எல்லாம் வந்தது.

"ஆமாங்க" என்றேன்.

சொல்லும்போது தலையையும் ஆட்டியிருக்கிறேன். அவர் திருப்தியாகக் கேசரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். நான் மெல்ல வலப்பக்கம் திரும்பினேன். இலக்கியாவின் நாற்காலி காலியாக இருந்தது.

மீதிக் கதை

வீட்டில் அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்து ஓடினேன். அழவில்லை. சோபாவில் உட்கார்ந்து செருப்புக்கூடக் கழற்றாமல் இருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் சீருடையோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம் சொல்லி முடித்திருந்தாள்.

"நீ அவர் சொன்னதுக்கு ஆமாங்கன்னு சொன்ன" என்றாள் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததா என்று சரிபார்ப்பது மாதிரி சொன்னாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். அன்றுதான் மீதிக் கதையைச் சொன்னேன். பொதுப் பட்டியலில் இடம் கிடைத்தது உண்மைதான், ஆனால் நான் தங்கியது அரசு நடத்திய ஆதிதிராவிடர் விடுதியில், சாப்பிட்டது அங்கே போட்ட சோறு, படித்தது கல்வி உதவித்தொகையில். அது இல்லாமல் ஒரு பருவம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். வங்கித் தேர்வில் என் பெயர் வந்தது எஸ்.சி. பட்டியலில். இந்த ஃபிளாட்டை வாங்கியது அந்தச் சம்பளத்தில். அவள் படித்த பள்ளிக்குக் கட்டணம் கட்டியதும் அதில்தான்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, அப்புறம் ஏம்மா அந்த ஒண்ண மட்டும் சொல்லிச் சொல்லி வளத்த என்றாள்.

"வெளியில சொல்லிக்கிற மாதிரி எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான் கண்ணு."

என் கணவர் தொண்டையைச் செருமினார். அதிகம் பேசுகிறவர் அல்ல. "நானும் கோட்டாவுலதான் வேலைக்குப் போனேன். இத்தன வருஷத்துல எத்தன வண்டிக்கு சிக்னல் போட்டாச்சு. உள்ள உக்காந்திருந்தவங்க யாரும் எறங்கி வந்து எங்கிட்ட மார்க் கேக்கல" என்றார்.

இலக்கியா விடவில்லை. நமக்குத்தான் இப்ப வசதி இருக்கே, நாம எடுத்துக்கிட்டா இல்லாதவங்களுக்குப் போறது கொறஞ்சிடாதா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றும் முழுதாகத் தெரியாது. அவர் கொஞ்சம் யோசித்து, வடக்கே இருக்கிற அந்தக் கல்லூரியில் நம் ஊர்ப் பக்கத்து நம் சாதி ஆள் ஒருவராவது இதுவரை படித்திருக்கிறார்களா பார் என்றார். கடைசியில் அவளே சொன்னாள்.

"வசதி வந்தும் லிஃப்டுல பேசப் பயமாத்தானேம்மா இருக்கு."

அந்த வரியை யார் சொல்லிக்கொடுத்தது? நான் அவள் கையை அழுத்திய அழுத்தம்தான் பேசியது. எழுந்து போய் அவளுக்குத் தோசை ஊற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

விசாரணைக்கு வந்தவர்

மறு வருடத் தேர்வுக்கு மத்திய அரசு கேட்கிற வடிவத்தில் சாதிச் சான்றிதழ் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. அவளுடைய பழைய சான்றிதழைச் சின்ன வயதில் ஊர் முகவரியில் வாங்கியிருந்தேன். அப்போதே காரணமாகத்தான் அப்படிச் செய்தேன். குடியிருக்கும் இடத்து முகவரியைக் கொடுத்தால் விசாரிக்க ஆள் வருவார்கள். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

இந்த முறை இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தபோது, எந்த முகவரி மேடம் என்று அந்தப் பெண் கேட்டாள். இலக்கியா என்னைப் பார்த்தாள். சிங்காநல்லூர் ஃபிளாட் எண்ணைச் சொன்னேன். அதை ஒரு வீரச் செயல் மாதிரி சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லிவிட்டு, அதை மாற்ற முடியுமா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்து உதவியாளர் ஒருவர் ஒரு வேலைநாள் சாயங்காலம் வந்தார். நான் அப்போதுதான் வங்கியிலிருந்து வந்து லிஃப்டிலிருந்து வெளியே கால் வைக்கிறேன். எங்கள் வராந்தாவில் அவர் சுகந்தி அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். தன் வேலையைச் செய்கிறவர், குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஏனுங்க, இந்த ஊட்டுக்காரங்க அருந்ததியர்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இங்கதான் ரொம்ப நாளா குடியிருக்காங்களான்னு மட்டும் சொல்லுங்க."

சுகந்தி அக்கா என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. குழப்பம் மட்டும் இருந்தது. ஆமாங்க, ரொம்ப வருஷமா இருக்காங்க, நல்லவங்கதானுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொன்னார். என்ன சொல்வது என்று தேடிவிட்டு, அன்போடுதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

"உங்களப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லீங்க அம்மணி."

அந்த ஒரு வாக்கியத்தைச் சம்பாதிக்கத்தான் இத்தனை வருடம் உடையிலும் பேச்சிலும் சமையல் வாசனையிலும்கூடப் பாடுபட்டிருக்கிறேன். கடைசியில் அவர் அதைக் கையில் கொடுத்தபோது, வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"பார்த்தா எப்படிங்க அக்கா தெரியணும்?" என்றேன்.

அவர் கண்ணில் நீர் கட்டியது என்று நினைக்கிறேன், எனக்கும் கட்டியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை. பால் பொங்கிடும் என்று போய்விட்டார். இன்றும் பார்த்தால் சிரிக்கிறார், நலம் கேட்கிறார். முன்பெல்லாம் எங்கள் வீட்டுக் குழம்பு அவர் வீட்டுக்கும் அவர் வீட்டுப் பொரியல் எங்களுக்கும் வாரத்தில் பாதி நாள் போகும். அது நின்றுவிட்டது. யார் முதலில் நிறுத்தினோம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நானாகவும் இருக்கலாம்.

ராமசாமி சார் காலை நடையில் கையை உயர்த்திவிட்டுப் போகிறார். நிற்பதில்லை.

கொண்டுபோய் விட்ட நாள்

இரண்டாவது முறை இலக்கியாவின் ரேங்க் முன்பைவிடக் கொஞ்சம் மேலே வந்தது. எஸ்.சி. பட்டியலில் அதே கல்லூரியில் இடம் கிடைத்தது. நானும் என் கணவரும் கொண்டுபோய் விட்டோம். ரயிலடிக்கே அகில் வந்துவிட்டான். ஒரு வருடம் மூத்தவன் ஆகிவிட்டான் அல்லவா, எல்லாம் தெரிந்தவனாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

விடுதி வாசலில் சீனியர்கள் கூட்டமாக உட்கார்ந்து புதுப் பிள்ளைகளை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மிரட்டல் எதுவும் இல்லை, சிரிப்பும் கேலியும்தான். பெயர், ஊர், ரேங்க். இலக்கியாவையும் நிறுத்தினார்கள். ஆங்கிலத்தில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் சொன்னாள். பொது ரேங்க்கைச் சொன்னாள். எஸ்.சி. பட்டியலில் தன் இடத்தையும் சொன்னாள். அவள் அவர்களை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பெண், சரி, உன் அறை மேல் மாடியில் என்றாள்.

படியேறும்போது அகில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"போன வருஷம் என்னையும் கேட்டாங்க ஆண்ட்டி. மாமா ஸ்பான்சர்னு சொன்னேன். அமெரிக்காவான்னு கேட்டுட்டு, சரி ட்ரீட் குடுன்னு விட்டுட்டாங்க."

பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். கோச்சிங் வகுப்பில் சிரித்தது அவன் நினைவில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் எங்கள் எதிர் இருக்கையில் ஈரோட்டு அம்மா ஒருவர் இருந்தார். அவரும் மகனை வடக்கே ஒரு பொறியியல் கல்லூரியில் விட்டுவிட்டு வருகிறார். கொண்டுவந்த முறுக்கை எங்களுக்கும் நீட்டினார். பிள்ளைகளைப் பிரிந்த வருத்தத்தை இருவரும் வெகுநேரம் பேசினோம். சேலம் தாண்டியதும் கேட்டார்.

"உங்க பொண்ணு என்ன ரேங்க்குங்க?"

சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. அந்த ரேங்க்குக்கு அங்க கெடைக்குமுங்களா என்று கேட்டார். மேல் படுக்கையில் படுத்திருந்த என் கணவர் அசையவில்லை. தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"எஸ்.சி. கோட்டாவுல கெடச்சுதுங்க. நாங்க அருந்ததியர். நானும் அதுலதான் பேங்க் வேலைக்குப் போனேன்."

"அப்படிங்களா" என்றார். முறுக்குப் பையின் வாயைச் சுருட்டிக் கூடைக்குள் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூக்கம் வந்திருக்கலாம். நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

சொல்லிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று எத்தனையோ பேர் எழுதிப் படித்திருக்கிறேன். எனக்கு அப்படி ஆகவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் மகள் அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து சொன்னதை, ஒரே ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் எதையும் திருடவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை.

ஈரோட்டில் அந்த அம்மா இறங்கினார். போய்ட்டு வாரேனுங்க என்று சொல்லிக்கொண்டுதான் போனார். என் கணவர் கீழே இறங்கி வந்து, அவர் காலி செய்த ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்" என்றார். "எனக்கே சரியாக் கேக்கல."